தோல் சீட்டில் தீட்டு

காரின் தோல் சீட்டில் என் மாதவிடாய் ரத்தம் ஒரு ரூபாய் அளவுக்குப் பட்டுவிட்டது. அன்று முழுக்க வீட்டில் அதுவே பேச்சு. அடுத்த மாதத்திலிருந்து நான் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு பழைய துண்டு.

ஓட்டுகிற சீட்டில் அவருடைய பேனா மை இரண்டு வருடமாக இருக்கிறது. அதற்கு யாரும் துண்டு விரிக்கவில்லை. உண்மையில் போகாத கறை மைதான். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் சீட்டின் சாயமும் சேர்ந்து உரியும். ரத்தம் அப்படியல்ல. தோலின்மேல் பூச்சு இருப்பதால், பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடனே துடைத்தால் போய்விடும். வெந்நீர்தான் கூடாது, கறை பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் பாவாடை துவைத்தே நமக்குத் தெரியும்.

அந்தச் சீட் என்ன, பூஜையறையா? மாட்டுத்தோல்! அதைத் தொட்டு வேலை செய்தவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே நிறுத்தியது சாதி, எங்கள் சாதியும்தான். அதே தோல் குரோமியத்தில் பதமாகி, மெருகேறி, காருக்குள் வந்தால் அந்தஸ்து. அதன்மேல் சாய்ந்துகொண்டு என்னைத் தீட்டு என்கிறார்கள்.

துண்டை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டேன். மையை அவரே துடைக்கட்டும்.