அடி கொடுப்பதும் பாடம்தான்

பிரம்போடு பிரம்பு வேகமாக மோதினால் கருகல் வாடை வரும். பிலிப்பைன்ஸின் செபு நகரில் மருத்துவம் படித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. நான் தங்கியிருந்த வீட்டின் கொல்லையில், எழுபதைத் தாண்டிய ஒருவர் அர்னிஸ் என்ற பிரம்புச் சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தார். எல்லோருக்கும் அவர் 'லோலோ', அதாவது தாத்தா.

முதல் இரண்டு வாரம் எதிரில் ஆள் கிடையாது. கம்பத்தில் கட்டிய பழைய டயர்தான். 28 அங்குலப் பிரம்பால் பன்னிரண்டு கோணங்களில் அதை அடிக்க வேண்டும். உள்ளங்கை கொப்பளித்து, பிறகு காய்த்துப்போனது. தோள் பலத்தை மட்டும் நம்பி அடித்தால் பிரம்பு துள்ளித் திரும்பி என் முழங்கையை உலுக்கும். இடுப்பைத் திருப்பி அடித்த நாளில்தான் டயர் அசைந்தது. அடுத்தது இரு கையிலும் பிரம்பேந்திச் செய்யும் சினவாலி. அந்த ஊர் வீடுகளுக்குச் சுவராக வைக்கும் மூங்கில் தட்டிக்கு 'சவாலி' என்று பெயர். அதன் முடைசலைப் போலவே, எதிரெதிரே நிற்கும் இருவரின் பிரம்புகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும். என் இடக்கை எத்தனை சோம்பேறி என்று அன்று புரிந்தது.

ஆனால் இந்தப் பயிற்சியின் உயிர் 'அகாக்'கில் இருக்கிறது. கைபிடித்து நடத்துவது போன்ற பொருள் அந்தச் சொல்லுக்கு. செபுவில் 1952-ல் வெனான்சியோ பாக்கோன் தொடங்கிய பலிந்தவாக் மரபின் முறை இது. பலிந்தவாக் என்பது ஒரு தெருவின் பெயர்; அங்கே ஒரு கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் பின்புறம்தான் பயிற்சிக்களம். இருவர் நிற்க இடம் இருந்தால் போதுமே! ஆசான் அடி கொடுப்பார், மாணவர் தடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும். நான் தாங்கும் வேகத்தைவிட ஒரு பிடி கூடுதலாகத்தான் லோலோ எப்போதும் கொடுப்பார். நான் தேறினால் அவரும் ஏறுவார். கவனம் சிதறினால் விரல் கணுவில் 'பட்'டென்று ஒன்று விழும்.

2009-ல் இயற்றிய சட்டம் அர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளி மாணவர்களின் தேசிய விளையாட்டு விழாவில் முதல் போட்டியாக அதையே நடத்த வேண்டும் என்றும் சொன்னது. நல்ல காரியம். போட்டிக்கான பஞ்சுறை போட்ட கம்பையும் தலைக்கவசத்தையும் நான் குறைசொல்ல மாட்டேன்; மருத்துவர் யாரும் சொல்ல மாட்டார். கையை அடிக்காமல் கம்பை அடித்துப் பழகலாம் என்று அர்னிஸ் ஆசான் ரெமி பிரேசாஸ் மாற்றியதால்தானே பயந்து ஒதுங்கியவர்களும் இந்தக் கலைக்கு வந்தார்கள்?

என் கவலை வேறு. பள்ளிகளில் வகுப்பு நிறையப் பிள்ளைகள் வரிசையில் நின்று, விசிலுக்கு ஏற்பக் காற்றை அடிக்கிறார்கள். அசைவுகள் மனப்பாடமாகின்றன, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. எதிரில் ஒருவர், நம் அளவறிந்து அடி கொடுக்கும் அந்த இருவர் பயிற்சி மட்டும் நழுவிப்போகிறது. ஓர் ஆசிரியர் அத்தனை பேருக்கும் அடி கொடுக்க முடியாதுதான். மூத்த மாணவர்கள் கொடுக்கலாமே? பாடவேளையில் பாதியை அதற்கு ஒதுக்கலாம். இளையவர்களுக்கு மட்டுமல்ல, மூத்தவர்களுக்கும் அது பயிற்சிதான்.

அனுபவத்தில் சொல்கிறேன். கடைசி ஆண்டில், தன் ஒன்பது வயதுப் பேத்திக்கு அடி கொடுக்கும் வேலையை லோலோ என்னிடம் விட்டார். டயரை உலுக்கிய கைதான். ஆனால் அந்தச் சின்ன விரல்களுக்கு அரை அங்குலம் முன்னால் பிரம்பை நிறுத்துவதற்குள் மணிக்கட்டு நடுங்கியது. கால் மணி நேரத்தில் என் சட்டை நனைந்துவிட்டது. அவளோ, "அக்கா, இன்னும் கொஞ்சம் வேகமா" என்றாள்.