கவையும் கிளையும்

ஆங்கிலத்தில் 'ஃபோர்க்' என்னும் ஒரே சொல் உணவு மேசையிலும் வைக்கோற் போரிலும் மரத்திலும் தெருவிலும் துவிச்சக்கர வண்டியிலும் வழங்குகின்றது. தமிழிலோ இடத்துக்கொரு சொல் தேடவேண்டியிருக்கின்றது. ஆகவே தமிழ் கலைச்சொல்லாக்கத்துக்கு இசையாத மொழி என்று கூறுவாருளர். தமிழ் கற்றோரே இதனைக் கூறுவதுதான் வியப்பு.

ஆங்கிலச் சொல்லின் அந்த ஒருமை பிறப்போடு வந்ததன்று. இலத்தீனில் 'ஃபுர்கா' என்பது உழவர் கையிலிருந்த கவைத்தடி. அக்கருவியின் பெயரே உருவ ஒப்புமையாற் பிறவற்றுக்கும் பரவியது. உணவு மேசைக்கு அது வந்தது மிகப் பிந்தியே. இத்தாலியர் இக்கருவிகொண்டு உண்பதை 1611இல் தோமஸ் கோரியற் ஒரு புதுமையாகவே இங்கிலாந்து வாசகருக்கு எடுத்துரைத்தார்.

தமிழுக்கோ அத்தகைய கடன் வேண்டியதில்லை. கவை, கவர், கவடு, கவலை எனச் சொற்குடும்பமே உண்டு. கெற்றப்போலுக்குக் கவட்டுத்தடி தேடும் சிறுவனும், இசைக்கவையைத் தட்டும் பௌதிகவியல் மாணவனும் அக்குடும்பத்துச் சொற்களையே ஆள்கின்றனர். சங்கச் செய்யுளில் வழிகள் பிரியுமிடம் கவலை எனப்பட்டது. மனம் ஒருநெறிப்படாது பிளவுறும் நிலைக்கும் அச்சொல்லே அமைந்தது பொருத்தமே. மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகக் கவர்படுவதைச் சிலப்பதிகாரத்து மாங்காட்டு மறையோன் சிவனது சூலத்தோடு ஒப்பிட்டான். முள்ளுக்கரண்டி என்பது பிளவை விடுத்துக் கூர்மையைச் சுட்டுவது. அது மேசையில் இருக்கட்டும்.

உண்மையான குறை வேறு. கவைக்கும் கிளைக்குமுள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்போர் மறந்துவிட்டனர். பனைக்குக் கிளையில்லை என்பது பொது அறிவு. ஆயினும் நைல் நதிக்கரை நாடுகளுக்குரிய டூம் பனை மன்னாரில் நிற்கின்றது. அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். அதன் தண்டு சமமான இரண்டாகப் பிளந்து, அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகும். இதனைக் 'கிளைப்பனை' என்று எழுதிவிடுகின்றனர். மாமரத்திற் கிளையை வெட்டினால் அடிமரம் தன்போக்கில் நிற்கும். இப்பனை கவர்த்தபின் எது அடிமரம், எது கிளை என்று கேட்பதற்கே இடமில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் இருப்புப்பாதையைக் கிளைப்பாதை என்பது தகும். வடக்கு நோக்கிய தலைப்பாதை அங்கு முடிவதில்லையன்றோ! பனைக்கு அப்பெயர் தகாது.

இது வெறுஞ் சொல்விளையாட்டன்று. மன்னார்க் கடலில் அகப்படும் அறுக்குளாவையும் பாரையையும் அளக்கும் மீனியலார், வால்நுனிகள் தேய்ந்தும் முறிந்தும் போகுமாதலால், மூக்குநுனி முதல் வாற்கவைவரை அளப்பர். அது கவைநீளம், வால்நுனிவரை அளப்பது முழுநீளம். இரண்டையும் வாளா 'நீளம்' என்று எழுதினால் மீனின் வளர்ச்சிக் கணக்கே பிழைத்துப்போகும். சந்தையில் மீன் வாங்குவோருக்கு இது பொருட்டன்று. அக்கணக்கைத் தமிழிற் கற்கும் மாணவனுக்குப் பெரிதும் பொருட்டு.

கணினித் துறையினரும் இவ்வேறுபாட்டை அறிவர். மூலநிரலுக்குள்ளேயே பிரிந்து பின்னர் அதனோடு இணையவுள்ளதை ஒரு சொல்லாலும், பிரிந்து தன்வழியே வளர்வதை 'ஃபோர்க்' என்னும் சொல்லாலும் குறிப்பர். முன்னையது கிளை, பின்னையது கவை. இரண்டுக்கும் கிளை என்றே எழுதிவிட்டுத் தமிழில் வேறு சொல் இல்லையெனக் கைவிரிக்கும் மொழிபெயர்ப்பாளர், ஒருமுறை மன்னாருக்குப் போய் அப்பனையடியில் நின்று மேலே பார்த்துவரலாம்.