சீன ரயில்வேயும் பிரிட்டிஷாரின் தாராளமும்

காஞ்சியில் தறி வைத்திருப்போருக்கு முன்பணத்தின் சூக்ஷ்மத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முன்பணம் கொடுத்த முதலாளியிடமே பட்டும் சரிகையும் பெற்று, நெய்த புடவையையும் அவரிடமே ஒப்புவிக்கும் நெசவாளர், வட்டி எவ்வளவு என்று மட்டும் விசாரித்துப் பயனில்லை. ராஜ்யங்களுக்குள்ளும் இவ்வழக்கம் உண்டு.

பாக்ஸர் கலகத்திற்காக 1901-ல் வல்லரசுகள் சீனாவின்மீது 45 கோடி டேல் வெள்ளியை நஷ்டஈடாகச் சுமத்தின. 39 வருஷத் தவணை. நூற்றுக்கு 4 வட்டி. தம் பங்கில் எஞ்சியதை இரு நாட்டாருக்கும் நன்மையான காரியங்களுக்கு விட்டுவிடுவதாக 1922-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தனர். பின்னர் எட்டு வருஷம் யோசனையிலேயே கழிந்தது. சென்னைக் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் தலைமையில் 1926-ல் ஒரு தூதுகோஷ்டியும் சீனா சென்று வந்தது. அதற்கு முந்திய வருஷமே ஷாங்காயிலும் காண்டனிலும் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, ஹாங்காங் தொழிலாளர் ஓராண்டுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, பிரிட்டிஷ் சரக்குகள் பகிஷ்கரிக்கப்பட்டிருந்தன. பகிஷ்காரம் ராஜதந்திரிகளுக்கு எவ்வளவு விரைவில் நியாயபுத்தியை அளிக்கிறதென்பதை நம் வாசகர் அறிவர்.

1930-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. பணம் முக்கியமாக ரயில்வேக்களுக்கே. ஆனால் ஏறக்குறையப் பாதியை, லண்டனில் அமையும் கொள்முதல் கமிஷன் மூலம், பிரிட்டிஷ் சாமான்களுக்கே செலவிட வேண்டுமாம்! உலகெங்கும் தொழில் மந்தித்த அக்காலத்தில், சீனரின் சொந்தப் பணமே பிரிட்டிஷ் இயந்திரசாலைகளுக்கு ஆர்டராகப் போய்ச் சேர்ந்தது. இதற்குத் தாராளம் என்று பெயர்.

காண்டன்-ஹாங்கோ பாதை 1936-ல் முடிவுற்றதையும், 1938-ல் காண்டன் ஜப்பானியர் வசமாகும்வரை ஆயுதங்களை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றது அதுவே என்பதையும் நாம் மறைக்கவில்லை. பாதை அவசியமானதுதான், நமது ஆக்ஷேபம் நிபந்தனையைப் பற்றியது.

நம் நாட்டில் இத்தனை நாசூக்கும் தேவைப்படவில்லை. 1849 முதல் ஆங்கில ரயில்வேக் கம்பெனிகளின் முதலுக்கு நூற்றுக்கு 5 வரை வட்டி, லாபமோ நஷ்டமோ, நமது வரிப்பணத்திலிருந்து உத்தரவாதமாயிற்று. உத்தரவாதம் இருக்கும்வரை பணத்தை ஹூக்ளி நதியில் கொட்டினாலும் முதலாளிக்குக் கவலையில்லை என்ற கருத்தில், இந்தியாவின் நிதி மந்திரியாயிருந்த மாஸ்ஸியே 1872-ல் பார்லிமெண்டுக் கமிட்டிமுன் சாக்ஷியம் சொன்னார். 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்குப் பாதையிட்ட இந்தியன் டிராம்வே கம்பெனியும் ஆங்கிலேயருடையதே.

இன்று மும்பை-அகமதாபாத் அதிவேக ரயில்வேக்கு ஜப்பான் 50 வருஷத்திற்கு 0.1 சதவிகித வட்டியில் கடன் தருகிறது. ஜப்பான் பிரிட்டன் அன்று, நாமும் அடிமைகளல்லர். எனினும் அவ்வொப்பந்தத்தில் வட்டியைக் கூறும் பத்தியை விட்டு, சாமான் எங்கே வாங்கப்படும், எந்தப் பட்டறைக்கு வேலை கிட்டும் என்று கூறும் பத்தியையே நாம் முதலில் படிப்போம்.