எந்த வீட்டில் இருப்பது?

2020-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் திகதி இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அன்று முதல் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே மந்திரத்தை இடைவிடாது ஓதின: “வீட்டில் இருங்கள்.” முதியோரைக் குறித்து அம்மந்திரம் இன்னும் அழுத்தமாக ஒலித்தது. வயதானவர்களைத் தனி அறையில் வையுங்கள், பிறரோடு நெருங்க விடாதீர்கள், வேளை தவறாமல் மருந்து கொடுங்கள், கைகளை அடிக்கடி கழுவச் செய்யுங்கள் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. நோயின் தன்மை அப்படி. ஆனால் அதே நாட்களில் வேறொரு குரலும் எழுந்தது. ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வீட்டோடு இருந்து, பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பழைய புத்தகங்களைத் தூசி தட்டிப் படித்து, பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசி, இல்லறத்தின் இனிமையை மீண்டும் கண்டுகொண்டார்கள் என்று நகரத்து எழுத்தாளர் சிலர் மகிழ்ந்தனர். கொள்ளைநோய் நமக்கு அளித்த ஓய்வு இது என்று உபதேசித்தவர்களும் உண்டு.

இந்த உபதேசத்தை எதிர்த்தே நாம் எழுதுகிறோம். காலம் கடந்த பேச்சல்லவா இது என்று வாசகர் கேட்கலாம். நோய் தணிந்தது உண்மை. அது வெளிச்சம் போட்டுக் காட்டிய அநீதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நாம் மலையகத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவர்கள். மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. கைத்தொலைபேசி வழியே பாடம் நடத்துமாறு பணிக்கப்பட்டோம். அலைவரிசை எட்டாத மலைமடிப்பிலே வாழும் பிள்ளைக்குத் தொலைபேசிப் பாடம் எப்படிப் போய்ச் சேரும்? ஆகவே செயலட்டைகளை அச்சிட்டு, ஊரடங்கு தளர்த்தப்பட்ட நாட்களில் லயம் லயமாக நடந்து கொடுத்து வந்தோம். அப்படிப் போன ஒரு நாளில், ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், நம் மாணவி ஒருத்தியின் தாத்தாவையும் பாட்டியையும் சந்தித்தோம். அவர் கவ்வாத்து வெட்டியவர். அவர் மனைவி கொழுந்து பறித்தவர். ஆளுக்கு முப்பத்தைந்து ஆண்டுக்குக் குறையாமல் உழைத்து, 2019-இல் செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டவர்கள். அரசாங்கத்தின் அகராதியில் இவர்களும் ஓய்வு பெற்ற தம்பதியரே.

அவர்களுடைய ‘வீட்டை’ முதலில் அளப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள் கிழவரும் கிழவியும், மூத்த மகனும் மருமகளும், மூன்று பேரப்பிள்ளைகளும், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து கடை பூட்டப்பட்டதும் ஊர் திரும்பிய இளைய மகனும் என எட்டுப் பேர். நூற்றிருபது சதுர அடியை எட்டால் வகுத்தால் ஆளுக்குப் பதினைந்து. ஒருவர் பாய் விரித்து நீட்டிப் படுக்கத் தேவையான இடம் அவ்வளவுதான். அதிலும் துணிப்பெட்டிக்கும் அரிசி வாளிக்கும் பங்கு கொடுக்க வேண்டும். ஒரு மீற்றர் இடைவெளியை இங்கே எந்தக் கோலால் அளப்பது? முதியோருக்கான தனி அறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது?

இனி அவர்களுடைய ‘ஓய்வு’ நாளைப் பார்ப்போம். விடியற்காலை நாலரைக்குக் கிழவி எழுகிறார். பீலிக்கரையில் மற்ற லயத்துப் பெண்களோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறார். கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுகிறார். ஏழு மணிக்கு மகனும் மருமகளும் பெரட்டுக்குப் போகிறார்கள். அதன்பின் கிழவியும் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார். இப்போது அவர் பெயர்ப் பதிவுள்ள தொழிலாளி அல்லர், கைக்காசுக்குப் பறிப்பவர். பறித்த கிலோவுக்குக் காசு. சேமலாப நிதி இல்லை, சேவைக்காலம் இல்லை, விபத்து நேர்ந்தால் கேட்க நாதியும் இல்லை. நாடே கதவடைத்துக் கிடந்த நாட்களில் தேயிலை மலைகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டிருந்தது என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

“ரெஸ்ட்டு எடுக்கச் சொல்லித் தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க சேர். வயித்துக்கு யாரு ரெஸ்ட்டு குடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கிழவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மாதாந்தக் கிளினிக்குக்குப் போக பஸ் இல்லை. நோயாளரின் மருந்தை அஞ்சல் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு 2020-இல் செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு, அதனால் பயனடைந்தோர் பலர். ஆனால் வீட்டுக்கு அனுப்ப வீட்டிற்கொரு விலாசம் வேண்டுமல்லவா? லயக்காம்பராவுக்கு வீதிப் பெயரும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. ஆளின் பெயர், பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், நகரத்தின் பெயர், அவ்வளவே விலாசம். கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து எவர் கையிலாவது ஏறி, என்றாவது ஒரு நாள் லயத்துக்கு வரும். கிழவர் அதை நம்பியிருக்கவில்லை. கைவசம் இருந்த குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்து, ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு நீட்டிக்கொண்டார்.

“வீட்டுல இருங்கன்னு ரேடியோவுல சொல்லுறாங்க சேர். எந்த வீட்டுலன்னு சொல்லலியே” என்றார் அவர்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது? அதை ஆராயுமுன், மறுதரப்பார் கூறும் மூன்று சமாதானங்களைக் கவனிப்போம்.

தோட்ட மக்கள் அதிர்ஷ்டசாலிகள் என்பது முதற் சமாதானம். நாட்டில் எல்லோருக்கும் வேலை நின்றபோது இவர்களுக்கு நிற்கவில்லை என்கிறார்கள். வேலை நிற்கவில்லை, மெய்தான். ஏன் நிற்கவில்லை? 2020-இல் இந்நாட்டின் தேயிலை ஏற்றுமதி நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சுற்றுலாவும் ஆடைத் தொழிலும் தள்ளாடிய வேளையில் அந்த டாலர் நாட்டுக்குத் தேவைப்பட்டது. 1883-இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கூடத்தில் ஆட்கள் கூட இயலாதென்றதும், 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே மின்னணு முறைக்கு மாறிற்று. நூற்றாண்டு கடந்த வழக்கத்தைச் சில வாரங்களில் மாற்ற முடிந்தது. தேயிலை கீழிறங்கிச் செல்வதற்கு அத்தனை வேகம். குளிசை மேலேறி வருவதற்கு அந்த வேகத்தில் பத்திலொரு பங்கும் இல்லை. இதை அதிர்ஷ்டம் என்று அழைப்பவர்கள் கூடையைத் தாமே சுமந்து பார்க்கட்டும்.

ஓய்வு பெற்றவர்களுக்குச் சட்டப்படி பணம் கிடைக்கிறதே என்பது இரண்டாவது சமாதானம். சட்டம் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1983-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், நாட்கூலி பெறுபவருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் தரச் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 சனவரி உடன்படிக்கைப்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். பதினான்கு நாளுக்கு 9,800. முப்பத்தைந்து ஆண்டுக்கு 3,43,000 ரூபாய். அதன்பின் இருபது ஆண்டு உயிர் வாழ்ந்தால், மாதமொன்றுக்கு 1,430 ரூபாயும் தேறாது. முப்பத்தைந்து ஆண்டு மழையில் நனைந்ததற்கு நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 47 ரூபாய்.

அந்தப் பணமும் உரிய நாளில் வருவதில்லை. முப்பது நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் கிழவருக்கு அது பதினான்கு மாதம் கழித்துத் தவணை தவணையாக வந்தது. சேமலாப நிதியோ மகளின் கலியாணக் கடனோடு போயிற்று. எஞ்சியதை வங்கியில் வைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. அரசாங்க ஊழியரின் ஓய்வூதியத்துக்கு வாழ்க்கைச் செலவுப் படியென்று ஏதோ சேரும். மொத்தமாகக் கொடுத்துக் கைகழுவிய பணத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வில் ஒரு சதமேனும் 2019-இல் பெயர் வெட்டப்பட்டவர்களைச் சேராது.

வருமானம் குறைந்த எழுபது வயது கடந்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் என்றிருந்த முதியோர் கொடுப்பனவு, 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ஆக்கப்பட்டது. அறுபதில் பெயரை வெட்டிவிட்டு எழுபதில் உதவுகிறோம் என்றால், இடையிலுள்ள பத்தாண்டை மனிதர் எதைத் தின்று கடப்பது?

தோட்டம் இலவசமாக வீடு தருகிறதே என்பது மூன்றாவது சமாதானம். மூன்றிலும் பொல்லாதது இதுவே. லயம் என்பது குடும்பம் வாழக் கட்டப்பட்டதன்று. உழைக்கும் கைகளை மலைக்கருகில் அடைத்து வைக்க வெள்ளைத்துரைமார் கட்டிய கொட்டடி. துரைமார் போயினர். 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமை கைமாறிக்கொண்டே இருந்தது. காம்பராவில் இருப்பவன் கைக்கு மட்டும் அது வரவில்லை. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கும் வரையில்தான் கூரை நிலைக்கும் என்ற அச்சம் இன்றும் லயங்களில் குடியிருக்கிறது. நம் மாணவியின் தாய் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போக ஆசைப்பட்டபோது, கிழவர் தடுத்தாராம். ஓய்வு பெற்ற முதியவரின் கூரைக்காக அடுத்த தலைமுறை மலையில் பணயமாக நிற்கிறது. இதன் பெயர் இலவசமா?

வீடில்லாத இந்த நிலை நேற்று முளைத்ததன்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைத் தலையெண்ணிப் பங்கிட்டது. கிழவரின் அண்ணன் அந்தப் பங்கீட்டில் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். தம்பி இங்கே தங்கினார். குடியுரிமை பின்னர் வந்தது, வாக்குரிமையும் வந்தது. காணியுறுதியும் வீட்டு விலாசமும் இன்னும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரவில்லை. புதிய வீடுகள் சில ஆயிரம் கட்டப்பட்டதை நாம் வரவேற்கிறோம். லயங்களின் நீளத்தோடு ஒப்பிட்டால் அவை எத்தனை குறைவு என்பதை மலையேறிப் பார்த்தவர் அறிவர்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கின்போது நம் சம்பளம் குறைவின்றி வங்கிக்கு வந்தது. 2020 ஏப்ரலில் அரசாங்க ஓய்வூதியம் பெறுவோரை வங்கிக்கு அழைத்துச் செல்ல விசேட வாகனங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. நம் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அவற்றில் ஏறிச் சென்றனர். அது தவறன்று, உரிமை. 2021 யூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நாம் போராடினோம். அதுவும் நியாயமே. ஆனால் நமக்கு உரிமையாக இருக்கும் ஓய்வூதியம், நம் மாணவரின் தாத்தாவுக்கு ஏன் கனவாகவும் இருக்கக் கூடாது என்று நாம் கேட்டோமா? நம்மிற் பலர் லயத்தில் பிறந்தவர்கள். கொழுந்துக் காசில் படித்துப் பட்டம் பெற்று, டவுனில் வாடகை வீடெடுத்து, லயத்து விலாசத்தைச் சொல்லக் கூசியவர்கள். ‘வீட்டில் இருங்கள்’ என்ற மந்திரத்தை நாமும் மாணவருக்கு அனுப்பிய செய்திகளின் கடைசி வரியில் சேர்த்துக்கொண்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இனி வேண்டுவன என்ன? பணிக்கொடையை முப்பது நாளில் கொடுக்கத் தவறும் நிர்வாகத்தின் மீது சட்டம் தயவின்றிப் பாய வேண்டும். மொத்தப் பணத்தோடு கைகழுவாமல், வாழ்க்கைச் செலவோடு உயரும் மாத ஓய்வூதியம் தோட்டத் தொழிலாளிக்கும் வேண்டும். பெயர்ப் பதிவு வேறு, வீட்டுரிமை வேறு என்று பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியுறுதியும், அதன் பெயரில் ஓர் இலக்கமும் வழங்கப்பட வேண்டும். ஓய்வு பெற்றபின் கைக்காசுக்கு மலையேறுவோருக்கும் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சியன்று. நகரத்திலே வாழும் நடுத்தரக் குடும்பம் கேட்காமலே பெற்றிருப்பவை இவை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஒவ்வொரு கிலோ தேயிலையும் கப்பலேறும் முன் எத்தனையோ கைகளைக் கடக்கிறது. அத்தனை கைகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. முதற் கைக்கு மட்டும் மூப்பு வரும்போது பங்கில்லை என்பதைப் பொருளாதார விதி என்று நாம் ஏற்க மாட்டோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! தீர்மானம் நிறைவேற்றிக் கலைந்து செல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இம்முறை சிறிய வேலை ஒன்றிலிருந்து தொடங்குவோம். அடுத்த தவணை தொடங்கும்போது, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கொப்பியைத் திறப்போம். வீட்டில் ஓய்வு பெற்றவர் எத்தனை பேர், எந்த ஆண்டில் பெயர் வெட்டப்பட்டது, சேவைக்காலப் பணம் எத்தனை மாதம் கழித்து வந்தது, காம்பராவின் நீள அகலம் என்ன, அதில் எத்தனை பேர், கடிதம் எந்த விலாசத்துக்கு வருகிறது என்று மாணவரே கேட்டு எழுதட்டும். கணிதமும் சமூகக் கல்வியும் தமிழும் அதில் அடங்கும். அந்தக் கொப்பிகளைச் சேர்த்துத் தொழிற்சங்கங்களின் மேசையிலும் பாராளுமன்ற உறுப்பினரின் மேசையிலும் வைப்போம்.

அந்தக் கிழவர் இப்போதும் அதே இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனைவி இன்று காலையும் கூடையோடு மலைக்குப் போயிருப்பார்.