பந்துக்குப் பிறவி தெரியுமா?

"மற்ற இடத்தில் எப்படியோ, விளையாட்டு மைதானத்தில் மட்டும் ஜாதியில்லை; அங்கே திறமைதான் பேசும்" என்று படித்தவர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். திறமை பேசுகிறதா, அல்லது திறமையின் வாயை அடைத்துவிட்டுப் பிறவி பேசுகிறதா என்று பார்க்க இங்கிலாந்திலுள்ள ஒரு கிளப்பின் சரித்திரமே போதும்.

யார்க்ஷயர் என்பது அங்கே ஒரு பெரிய ஜில்லா. அதன் பெயரால் 1863-ல் ஏற்பட்ட கிரிக்கெட் கிளப்தான் ஜில்லாக்களுக்குள் நடக்கும் பந்தயத்தில் அதிகத் தடவை முதலாவதாக வந்திருக்கிறது. அந்தக் கீர்த்தியில் பெரும் பங்கு கூலிக்கு ஆடிய பாட்டாளிப் பிள்ளைகள் சம்பாதித்துக் கொடுத்தது.

ஆனால் அந்தத் தேசத்து ஆட்டக்காரர்களுக்குள் 1962 வரையில் இரண்டு வருணம் இருந்தது. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவன் கனவான். சம்பளத்துக்கு ஆடுகிறவன் வெறும் ஆட்டக்காரன். ஒரே கோஷ்டி, ஒரே வெயில். ஆனால் பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, இறங்கிவரும் வாசலும் வேறு. ஆட்டக்காரர் பட்டியலில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், கூலிக்காரனுக்குப் பின்னால். 1950-ல் லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற கூலி ஆட்டக்காரரின் இனிஷியலைத் தவறி முன்னால் அச்சடித்துவிட்டார்கள். உடனே ஒலிபெருக்கியில் அந்த மகா பாதகத்துக்குத் திருத்தம் வாசித்தார்களாம்!

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911-ல் இந்தியக் கோஷ்டியோடு இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். அவரைப் பூனாவில் கொட்டகைக்கு வெளியே நிறுத்தித் தனிக் குவளையில்தான் தேநீர் கொடுத்தார்கள். அவர் தொட்ட பந்தில் ஒட்டாத தீட்டு, குவளையில் மட்டும் ஒட்டிக்கொண்டது போலும்.

யார்க்ஷயருக்கு வருவோம். 1883 முதல் 1910 வரை அங்கே லார்ட் ஹாக் என்னும் பிரபு காப்டன். கூலி ஆட்டக்காரர்களுக்குக் குளிர்காலத்திலும் சம்பளம் கிடைக்க ஏற்பாடு செய்தவர் அவர் என்பதை நாம் மறைக்கவில்லை. கஞ்சி ஊற்றினார், ஆனால் தலைமை ஸ்தானத்தைக் கேட்டால்? கூலி ஆட்டக்காரன் எவனும் இங்கிலாந்துக்குக் காப்டனாகாதபடி 1925-ல் கடவுளையே வேண்டிக்கொண்டார். கடவுளுக்கு இப்படிப்பட்ட உத்தியோகங்கள்தான் எப்போதும் வந்து சேருகின்றன.

வில்பிரட் ரோட்ஸ் என்பவர் 1898 முதல் 1930 வரை இந்தக் கிளப்புக்கு ஆடினார். அவர் எடுத்த விக்கெட்டுகள் 4,204. இங்கிலாந்துக் கோஷ்டியில் கடைசி ஆளாக மட்டை பிடிக்க வந்தவர், விடாமுயற்சியால் முதல் ஆளாக இறங்கும் அளவுக்குத் தேறி, 1912-ல் மெல்போர்னில் ஹாப்ஸுடன் சேர்ந்து 323 ஓட்டங்கள் குவித்தார். அவருக்குத் தெரியாத எந்த நுணுக்கம் எந்தப் பிரபுவின் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்? அவரைக் காப்டனாக்கவே இல்லை. 1927 கடைசியில் கமிட்டியார் ஹெர்பர்ட் சட்கிளிப் என்ற கூலி ஆட்டக்காரரைக் காப்டனாக நியமித்தார்கள். கூச்சல் கிளம்பிற்று, அவரும் வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார், 1928-ல் வொர்ஸ்லி என்ற கனவான் காப்டனானார்.

1952-ல் இதே கிளப்பின் லென் ஹட்டன் இங்கிலாந்துக்கே காப்டனாகி, மறு வருஷம் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தார். அவர் சொந்த ஜில்லாவுக்குத் திரும்பினால் யார்ட்லி என்ற கனவானின் கீழ் ஆடவேண்டும். தேசத்துக்குத் தலைவன், வீட்டிலே சேவகன்!

"கனவான்கள் தலைமையிலும் ஜெயித்தார்களே?" என்று கேட்கலாம். ஜெயித்தார்கள். பந்தெறிந்து தோள் தேய்ந்தவன் யார் என்று நாம் கேட்கிறோம். கடைசியில் 1960-ல் விக் வில்சன் என்ற கூலி ஆட்டக்காரரைக் காப்டனாக்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை. அந்தச் சீசனிலேயே கிளப் முதலாவதாக வந்தது, 1962-லும் வந்தது. பிறகு பிரையன் குளோஸ் காலத்தில் 1963, 1966, 1967, 1968 என்று நான்கு தடவை.

ஆனாலும் பிறவிப் பித்து தெளியவில்லை. ஜில்லா எல்லைக்குள் பிறந்தவன்தான் ஆடலாம் என்ற வழக்கத்தை 1992 வரை கட்டிக்கொண்டு அழுதார்கள். வேடிக்கை என்னவென்றால், லார்ட் ஹாக் பிறந்தது லிங்கன்ஷயரில்! பிரபுவுக்கு எல்லைக்கோடு வளைந்து கொடுக்கும். 1992-ல் வழக்கத்தை விட்டபோது வந்து ஆடிய முதல் அந்நிய தேசத்தவர் 19 வயது சச்சின் டெண்டுல்கர்.

சரி, உள்ளூரிலேயே குடியேறி வளர்ந்த ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளின் கதி என்ன? பிராட்போர்டில் பிறந்த ஆதில் ரஷீத் 2006-ல் தம் முதல் ஆட்டத்திலேயே ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தார். 2014, 2015 இரண்டு வருஷமும் கிளப் சாம்பியனானதில் அவருக்குப் பங்குண்டு. ஆகவே சரக்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2012-ல் இந்தக் கிளப்புக்கே காப்டனாக நின்ற அஸீம் ரபீக், தம்மை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதை 2020-ல் வெளியிட்டார். 2021 நவம்பரில் பார்லிமெண்டு கமிட்டியின் முன் கண்ணீரோடு சாட்சி சொன்னார். கிளப்பும் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. 2023-ல் 4 லட்சம் பவுன் அபராதம். அதில் 3 லட்சத்தை நிறுத்திவைத்தார்கள். அந்தச் சீசன் கணக்கில் 48 பாயிண்டுகளையும் வெட்டினார்கள்.

ஒரு வெற்றிக்கு 16 பாயிண்டு. அப்படியானால் மூன்று வெற்றி போயிற்று. மைதானத்தில் ஓடி ஓடி அந்தப் பாயிண்டுகளைச் சேர்த்த வாலிபர்களில் எத்தனை பேர் அந்த இழிவுகள் நடந்த நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பதை, அன்று கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.