வேலியும் வேலையும்

நம் கல்லூரியை விட்டு நீங்கி, மனைகட்டிக் குடிபுகுந்து, இல்லத்தையொட்டிச் சிறு தோட்டம் அமைக்கும் பழைய மாணவர் பலர் முதற்கண் வினவுவது, "மீண்டும் மீண்டும் கைவைக்க வேண்டாத வேலி யாது?" என்பதே. நியாயமான வினாவே. பொழுதெல்லாம் அலுவலிற் போக்கி மாலையில் திரும்புவோர், கத்தரிச் செடிக்கு நீர் வார்ப்பரோ, வேலிக்கு முள் தேடுவரோ? ஆயினும், அவ்வினாவிற்கு நம்மனோர் காணும் விடை பெரிதும் பிழைபட்டது என்பது எம் கருத்து.

மதிற்சுவர் நெடுநாள் நிற்கும்; ஆனால் செலவு மிகுதி; காற்றையும் தடுக்கும். முட்கம்பியோ, அமெரிக்கராகிய கிளிடன் என்பார் 1874-இல் காப்புரிமை பெற்ற பின்னர் உலகெங்கும் பரவியது. அமைத்தல் எளிது. எனினும், கடற்காற்று வீசும் ஊர்களில் அதன் துத்தநாகப் பூச்சு விரைவில் தேய்ந்து கம்பி துருவேறும். மரக்கால் நட்டால் கறையான் அரிக்கும். இதனை யாமே பட்டறிந்தோம். மூங்கிற்படலும் பனைமட்டையும் கண்ணுக்கு இனியனவாயினும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுவன.

இனி, "நட்டுவிட்டு மறந்துவிடலாம்" என்று புகழப்படும் செடிகளை நோக்குவோம். சப்பாத்திக்கள்ளி அங்ஙனம் வேலியாக நடப்பட்டதே. நீர் வேண்டாது; ஆடுமாடுகளும் நெருங்கா. விளைவு யாதாயிற்று? தென்னிந்தியாவிற் புன்செய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அது கவர்ந்துகொண்டது. அதனை அடக்குதற்கு, அக்கள்ளியின் சாற்றை உறிஞ்சும் ஒருவகைப் பூச்சியை 1926-இல் இலங்கையினின்று வருவிக்க நேர்ந்தது. சீமைக் கருவேல் நம் கண்மாய்களிற் பரவிய வரலாறும் இதனோடு ஒப்பதே. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி இவற்றினிடத்து வெறும் உவமையன்று. நமக்கு வேலை வையாத வேலி, அவ்வேலையை அயலார் தலையிலும் பின்வருவோர் தலையிலும் வைத்துச் செல்கின்றது.

ஆகலின், எளிய பராமரிப்பை நாடுவோர்க்கு யாம் பரிந்துரைப்பது கிளுவை. கொங்கு நாட்டிற் காங்கயம் பகுதியில், கொறங்காடு என வழங்கும் மேய்ச்சல் நிலங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலியாய் நிற்பது அதுவே. மழைக்காலத் தொடக்கத்திற் போத்துக்களை நெருக்கமாக நட்டால் வேர்கொள்ளும், வறட்சியையும் தாங்கும். தொடக்கத்திற் பட்டுப்போனவற்றை மாற்றி நடல் வேண்டும். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துச் செய்தால் அமையும். திருகுகள்ளியும் எளிதில் வளர்வதே. எனினும் அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையுமாதலின், சிறுவர் ஆடும் இல்லத்திற்கு அது ஆகாது.

"ஆண்டுக்கு ஒருநாளேனும் வேலிக்காகச் செலவிட எமக்கு ஓய்வேது?" என்பார் உளர். அவர்க்கு யாம் கூறுவது இது: உயிர்வேலியைக் கவனியாது விட்டால் அது சிறிது சிறிதாக அடுத்த மனையுட் சாயும், எல்லைப் பூசல்கள் பல அங்ஙனந் தொடங்குவனவே. ஆண்டுதோறும் அவ்வொருநாளில் அண்டைவீட்டாரையும் அழைத்து, இருவரும் எல்லையில் நின்று கவாத்துச் செய்வாராயின், வேலியும் சீர்ப்படும்; பகையும் முளையாது. வேலையே வேண்டாத வேலியைத் தேடி அலையாது, அளவான வேலையைக் காலந்தவறாது வேண்டும் வேலியைத் தெரிந்துகொள்வதே அறிவுடைமையாகும்.