மேலவை உறுப்பினரின் தேர்ச்சி அறிக்கை



நம்மவர் ஒருவர் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டால் மறுநாள் நாளிதழ்களில் வாழ்த்து விளம்பரங்கள் குவிகின்றன. மாலை, பொன்னாடை, பாராட்டு விருந்து, பள்ளி விளையாட்டுப் போட்டியின் திறப்புரை என்று முதல் ஆறு மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூன்றாண்டுத் தவணை முடிந்து அவர் அவையிலிருந்து இறங்கும் நாளில் எந்த நாளிதழிலும் ஒரு வரி இருப்பதில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் அவையில் அவர் என்ன செய்தார்? எத்தனை நாள் வந்தார்? எதற்கு வாக்களித்தார்? என்ன கேட்டார்? நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்?

முதலாம் ஆண்டில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட வருகைப் பதிவேடும் தேர்ச்சி அறிக்கையும் உண்டு. மாதம் 11,000 வெள்ளி படித்தொகை என்று 2015-இல் உயர்த்தப்பட்ட ஒரு பதவிக்கு அப்படி ஒன்று வேண்டாமா?

மேலவை நமக்கு ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய வாக்காளர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மக்களவையில் நம்மவர் அமர்வது பிற இனத்தாரின் வாக்குகளையும் நம்பியே. மேலவையின் கதை வேறு. அதன் 70 உறுப்பினர்களில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் மாநிலத்துக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. எஞ்சிய 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். யாரை நியமிக்கலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 45-ஆவது விதி கூறுமிடத்தில், பொதுச் சேவையிலும் தொழில், வணிகம், வேளாண்மை, பண்பாடு, சமூகப் பணி ஆகிய துறைகளிலும் சிறந்தவர்களோடு, சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகளும் பழங்குடியினரின் நலனை எடுத்துரைக்க வல்லவர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். சிறுபான்மையினரின் குரலுக்கென்று அரசியலமைப்பே இடம் ஒதுக்கிய அவை அது. ஆகவே நம்மவருக்கு அங்கே கிடைக்கும் நாற்காலியைக் கட்சி தரும் பரிசாகக் கருதிப் பூரிப்பது எனக்கு உடன்பாடில்லை.

இந்த அவை தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை என்பதையும் இளைய ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. 1957-இல் மேலவையில் 38 பேர். மாநிலங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 22, நியமனம் பெற்றவர்கள் 16. அன்று தவணை ஆறு ஆண்டுகள். பின்னர் வந்த திருத்தங்களால் நியமன உறுப்பினர்கள் பெருகிப் பெரும்பான்மையினர் ஆயினர். தவணை மூன்றாண்டாகச் சுருங்கியது. ஒருவர் இரு தவணைகளுக்கு மேல் இருக்கவும் இயலாது. நம் பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும்போது பதவியேற்பவர், அப்பிள்ளை ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் இரண்டு தவணையையும் முடித்துவிடுவார். அதே 45-ஆவது விதி, மேலவை உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் நியமன உறுப்பினர்களைக் குறைக்கவோ அறவே நீக்கவோ சட்டம் இயற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் கதவை இதுவரை எவரும் திறக்கவில்லை.

"மேலவை வெறும் ரப்பர் முத்திரை ஐயா, அங்கே வாக்களித்தால் என்ன, வாக்களிக்காவிட்டால் என்ன?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். பாதி உண்மை. 68-ஆவது விதியின்படி மக்களவை நிறைவேற்றிய சாதாரண மசோதாவை மேலவை ஓராண்டு தாமதப்படுத்தலாம். நிதி மசோதாவென்றால் ஒரு மாதம்தான். அதற்குமேல் தடுக்க வழியில்லை. ஆனால் அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தாக வேண்டும். 70 பேர் நிறைந்த அவையில் 47 வாக்குகள். வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும், கட்சித் தாவலைத் தடுத்த 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தத் தேர்வை மேலவையிலும் எழுதித்தான் தேறின.

சாதாரண மசோதாவில்கூட அந்த ஓராண்டு எவ்வளவு கனமானது என்பதை 2018 காட்டியது. பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை அன்றைய தேசிய முன்னணி அரசு பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் கொண்டு வந்தது. ஏப்ரல் 2-இல் மக்களவை, மறுநாளே மேலவை. ஆறு ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம் என்று மிரட்டும் ஒரு சட்டத்தை மேலவை ஒரே நாளில் அனுப்பி வைத்தது. மே 9 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு ஆகஸ்டில் அச்சட்டத்தை நீக்கும் மசோதாவை மக்களவையில் நிறைவேற்றியது. செப்டம்பர் 12 அன்று மேலவை அதை நிராகரித்தது. எதிர்த்தவர்கள் 28, ஆதரித்தவர்கள் 21, வாக்களிக்காமல் விலகி நின்றவர்கள் 3. மீண்டும் 2019 அக்டோபரில் மக்களவை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில்தான் மேலவையும் இசைந்தது.

மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவை நியமனம் பெற்றவர்கள் தடுப்பதா என்று அன்று பலர் கொதித்தனர். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. தாமதப்படுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பு கொடுத்திருக்கிறது, அவர்கள் பயன்படுத்தினார்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. ஏப்ரலில் ஒரு நாள் போதுமென்று நினைத்த அதே அவைக்குச் செப்டம்பரில் மட்டும் நிதானம் எங்கிருந்து வந்தது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். 28, 21, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 52. அவையின் இடங்களோ 70. எதிர்ப்புக்கும் ஆதரவுக்கும் இடையே இருந்த வேறுபாடு 7. மீதி 18 இடங்களில் காலியாக இருந்தவை சில இருந்திருக்கலாம், தலைவரின் இருக்கை ஒன்று. மற்றவர்கள் எங்கே? அவைக்கு வராதவர் வாக்களிக்க இயலாது என்று 62-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. வாக்களித்த இரு தரப்பினரையும் நாளிதழ்கள் போற்றவும் தூற்றவும் செய்தன. வராதவர்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

வாக்குப் பதிவை வைத்து ஓர் உறுப்பினரை முழுமையாக எடைபோட இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "செத்துஜு" என்று அவை முழங்க, தலைவர் நிறைவேறியது என்று அறிவிக்கிறார். யார் வாய் திறந்தார், யார் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார் என்பது எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. பிரிவு வாக்கெடுப்பு நடந்தால்தான் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் என்று எண்ணப்படுகிறது. அப்போதும் கட்சிக் கொறடாவின் கட்டளை முன்னால் நிற்கிறது. ஆகவே நான் திருத்தும் தேர்ச்சி அறிக்கையாக இருந்தால் வாக்குக்குக் குறைவாகவும் கேள்விக்கு அதிகமாகவும் புள்ளிகள் ஒதுக்குவேன்.

கேள்வியின் வலிமையை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திடீரென்று ஒரு நாள் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். "உங்கள் பள்ளியில் எத்தனை வகுப்பறைகள் பலகைக் கட்டடத்தில் இயங்குகின்றன? நிலம் யார் பெயரில்? இன்று மாலைக்குள் வேண்டும்!" நாமும் முணுமுணுத்துக்கொண்டே விவரங்களைத் தேடிக் கொடுப்போம். அந்த அவசரத்துக்குப் பின்னால் பல வேளைகளில் நாடாளுமன்றத்தில் எவரோ கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு அமைச்சு எண்களைத் திரட்டியாக வேண்டும். சொன்ன எண் ஹன்சார்டில் அச்சாகிவிடும். நம் தமிழ்ப்பள்ளிகள் 500-க்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். மானியம் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளிக்கு வரவில்லை என்ற விவரத்தைப் பத்து மனுக்கள் கொடுத்தும் பெற முடியாமல் தவித்த பள்ளி வாரியங்கள் உண்டு. நன்கு வகுக்கப்பட்ட ஒரே கேள்வி அதை வெளியே கொண்டு வந்துவிடும். "தமிழ்ப்பள்ளிகளின் மேம்பாட்டுக்கு அரசு என்ன செய்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த ஆண்டு, எந்த மாநிலம், எத்தனை பள்ளி, எவ்வளவு தொகை என்று கேட்பவரே வீட்டுப்பாடம் செய்தவர்.

நாமோ மேலவை உறுப்பினரிடம் காசோலையை எதிர்பார்க்கிறோம். மேசை நாற்காலி வாங்கக் காசு, சுற்றுலாவுக்குப் பேருந்து, பரிசளிப்பு விழாவுக்குக் கிண்ணங்கள். அவரும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார். அந்த உதவியை நான் இழிவாகப் பேசவில்லை. வறிய தோட்டப்பள்ளிக்கு ஐந்நூறு வெள்ளியும் பெரிதுதான். ஆனால் அதை எந்த வள்ளலும் கொடுக்கலாம். அவையில் எழுந்து கேட்கும் உரிமை அந்த எழுபது பேரிலும் 222 மக்களவை உறுப்பினர்களிலும் ஒருவராக இருந்தால் மட்டுமே உண்டு.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவையும் டிசம்பரில் மேலவையும் ஏற்றன. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அது நீதி வழங்கியது, மனமார வரவேற்கிறேன். அதே திருத்தத்தில், இங்கே பிறந்தாலும் பெற்றோர் நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டும் பெற்றவர்களாக இருந்தால் பிள்ளைக்குத் தானாகவே குடியுரிமை கிட்டாது என்ற மாற்றமும் இருந்தது. சிவப்பு அடையாள அட்டை என்றால் என்னவென்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் தாய்மார்களைப் பார்த்தவர்கள் நாம். இது மூன்றில் இரு பங்கு தேவைப்பட்ட வாக்கெடுப்பு. நம் மேலவை உறுப்பினர்கள் விவாதத்தில் என்ன பேசினார்கள், இந்தப் பகுதியைத் தொட்டார்களா, தொடாமல் வாழ்த்திவிட்டு அமர்ந்தார்களா என்பதை ஒவ்வொருவர் பெயரிலும் தேடிப் பார்க்கலாம்.

தேடுவது கடினமன்று. நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் "பெஞாதா ரஸ்மி" என்ற பெயரில் இரு அவைகளின் ஹன்சார்டும் கிடைக்கிறது. மலாய்மொழியில்தான் இருக்கும்; நமக்கு அது தடையே இல்லை. மேலவைப் பகுதியில் ஒரு நாளைத் திறந்தால் வந்தவர், வராதவர் பட்டியல் முன்பக்கங்களில் இருக்கும். பிறகு உறுப்பினரின் பெயரையோ "செகோலா ஜெனிஸ் கெபாங்சாஆன் தமிழ்" என்ற சொற்றொடரையோ தேடலாம். "தமிழ்" என்று மட்டும் தேடினால் தமிழ்நாடும் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓர் உறுப்பினரின் ஓராண்டுக் கூட்டங்களைப் பார்க்க இரண்டு மாலைப் பொழுதுகள் போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மேலவை உறுப்பினரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கும் பள்ளிகள், அழைப்பிதழோடு ஒரு கடிதத்தையும் இணைத்து அனுப்பலாம் என்பது என் கருத்து. கடந்த ஓராண்டில் தாங்கள் எத்தனை நாள் அவையில் இருந்தீர்கள், கல்வி அமைச்சிடம் என்னென்ன கேட்டீர்கள், எந்த மசோதாக்களின் மீது பேசினீர்கள் என்று மரியாதையோடு கேட்கும் ஒரு பக்கக் கடிதம். வரும் பதிலைச் சங்கத்தின் ஆண்டறிக்கையில், வழக்கமாக அவருடைய படம் இடம்பெறும் பக்கத்திலேயே அச்சிடலாம்.